படப்பெட்டிக்குக் காத்திருந்த ஊர்களும் சிடியும்

திருட்டு விசிடியின் கதை தமிழில் இதுவரை குற்றக் கதையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் சிடிகள் பிடிபட்டன, தயாரிப்பாளர் எவ்வளவு இழந்தார், எந்த நடிகர் எந்தக் கடைக்குள் நேரில் நுழைந்தார் என்பதோடு அது முடிந்துவிடும். அதில் பொய் இல்லை. ஆனால் படம் எடுத்தவர்கள் பக்கம் நின்று, பெரும்பாலும் சென்னையில் நின்று, சொல்லப்பட்ட கதை அது. 1990களின் கடைசியில் தொடங்கி 2015 வாக்கில் ஓய்ந்த அந்தக் காலத்தைக் கள்ளக்குறிச்சியிலிருந்தும் அதற்கு மேற்கே எழும் கல்வராயன் மலையிலிருந்தும் பார்த்தால் கதையின் முகம் மாறுகிறது. சிடி இந்த ஊர்களுக்கு மலிவாகப் படம் காட்டியது என்பது எல்லோரும் அறிந்தது. படத்தை எடைபோடும் உரிமையையும் அதுதான் கொண்டுவந்து கொடுத்தது என்பது என் வாதம். அதுவரை அந்த உரிமை, படத்தை முதலில் பார்த்த பெரிய ஊர்களிடமே இருந்தது.

ஃபிலிம் காலத்தில் ஒரு தமிழ்ப் படம் என்றால் பதினான்கு, பதினைந்து ரீல்கள் அடங்கிய பெட்டி. ஒவ்வொரு பிரிண்டுக்கும் தனிச் செலவு என்பதால் எண்ணித்தான் போடுவார்கள். அந்தப் பெட்டிகள் முதலில் சென்னை, கோவை, மதுரை, சேலம் போன்ற 'ஏ சென்டர்'களுக்குப் போகும். அங்கே ஓடி முடிந்த பிறகு தாலுகா தலைநகரங்களான 'பி சென்டர்'களுக்கு வரும். அதற்கும் பிறகுதான் டூரிங் கொட்டகை இருந்த 'சி சென்டர்'கள். வரும்போது ஃபிலிமில் கோடு விழுந்திருக்கும். அறுந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் வசனம் ஒரு வார்த்தை குறைந்திருக்கும். பெட்டியோடு கூடவே இன்னொன்றும் வந்தது: தீர்ப்பு. போஸ்டரில் 'வெற்றிகரமான 100ஆவது நாள்' என்று ஒட்டிய பிறகே படம் சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் வரும். இரண்டாவது வாரத்தில் தூக்கப்பட்ட படத்தின் பெட்டி பல சமயம் வரவே வராது. ஆக, இங்கிருந்தவர் டிக்கெட் எடுக்கும் முன்பே அது நல்ல படமா, தேறாத படமா என்பது வேறு ஊரில் முடிவாகியிருக்கும். அவர் கைதட்டலாம், விசிலடிக்கலாம். தள்ளுபடியான படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க அவருக்கு வழி கிடையாது.

இந்த வரிசையின் பின்னால் ஒரு வரைபடமும் இருந்தது. தமிழ் சினிமாவின் விநியோக ஏரியாக்கள் பழைய கலெக்டர் எல்லைகளை ஒட்டிப் பிரிக்கப்பட்டவை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது 'என்.எஸ்.சி.' ஏரியா, பக்கத்தில் சேலம் தனி ஏரியா. கள்ளக்குறிச்சி 1993 வரை தென் ஆற்காட்டில் இருந்தது, பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமானது. அரசு எல்லை இப்படி மாறிக்கொண்டே வந்தபோதும் சினிமாக் கணக்கில் அது என்.எஸ்.சி.யாகவே இருந்தது. கல்வராயன் மலையின் கதை இன்னும் விசித்திரம். வெள்ளிமலை உள்ள கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தது. கருமந்துறை உள்ள மேற்குப் பகுதி சேலத்தோடு சேர்ந்தது. ஒரே மலை, பெரும்பாலும் ஒரே மலையாளி பழங்குடி மக்கள். ஆனால் அவர்களுக்குப் படம் காட்டும் உரிமையை விலைகொடுத்து வாங்கியவர்கள் இரண்டு வேறு ஊர்க்காரர்கள். இரண்டு பேருக்குமே மலை வசூல் கணக்கில் வராத விளிம்பு.

மலையை இந்தக் கணக்குக்கு வெளியே வைத்தது சினிமா மட்டுமல்ல. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அதை நேரடியாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. சாலை, பள்ளி, மின்சாரம் எல்லாம் அதன் பிறகு மெல்ல ஏறியவை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்து விசாரித்தபோதும் சாலையும் அடிப்படை வசதிகளுமே பேச்சாக இருந்தன. இப்படிப்பட்ட இடத்துக்கு ரீல் பெட்டியும் புரொஜெக்டரும் ஏற வியாபாரக் காரணம் எதுவும் இல்லை. படம் பார்க்க வேண்டுமென்றால் மனிதர்கள்தான் இறங்கி வர வேண்டும்: சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கூலி வேலைக்கு வந்த நாளில் கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ என்ன ஓடுகிறதோ அதைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குள் திரும்பிவிட வேண்டும்.

சிடிக்கு முன்பே இந்த வரிசையைக் கொஞ்சம் அசைத்தது வீடியோ கேசட். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி பரவியது. அதைத் தொடர்ந்து வி.சி.ஆர். வந்தது. தமிழ்நாடு அரசு எவ்வளவு வேகமாக விழித்துக்கொண்டது என்பதற்குச் சட்டமே சாட்சி: வி.சி.ஆர். மூலம் டிவி திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தவென்று 1984இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ படங்களை அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் 'டெக்' என்று அழைக்கப்பட்ட வி.சி.ஆர். வீட்டில் இருந்த பொருளல்ல. வாடகைக்கு எடுத்த பொருள். திருவிழா, மஞ்சள் நீராட்டு, சாவு வீட்டில் விடிய விடியக் கண்விழிக்க வேண்டிய இரவு என்று ஏதாவது ஒன்றுக்காக டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுகளும் வாடகைக்கு வரும். முதலில் சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, குழந்தைகளும் கிழவிகளும் தூங்கிய பிறகு சண்டைப் படம். வகை பிரித்துப் படம் பார்க்கும் வழக்கம் ஊர்த் தெருவில் அன்றே இருந்தது. தேர்வு மட்டும் பார்ப்பவரிடம் இல்லை. வாடகை கொடுத்த பெரிய மனிதரிடமும் கேசட் கடைக்காரரிடமும் இருந்தது.

விடிய விடியப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய தென் ஆற்காடு தெருக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவிரவாக நடக்கும். அரவான் களப்பலிக் கதையை ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் கொண்டாடும் கூவாகம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கிறது. கூத்துப் பார்ப்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். துரியோதனன் சாவான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். தெரிந்தும் விடியும்வரை உட்கார்ந்திருப்பது, இந்த வருஷத்துத் துரியோதனன் போன வருஷத்துத் துரியோதனனை விட எப்படி என்று எடைபோடத்தான். மறுபடி பார்ப்பதில்தான் மதிப்பீடு பிறக்கிறது என்பது கூத்துப் பார்வையாளருக்குத் தெரிந்த உண்மை. ஒருமுறை வந்து நாலு நாளில் கிளம்பிவிடும் படப்பெட்டி அந்த மறுபார்வையை, டிக்கெட் காசு உள்ளவருக்கும் அவர் ஊரில் படம் ஓடும் நாட்களுக்கும் மட்டுமே விட்டுவைத்தது. சிடி அதைத் திருப்பிக் கொடுத்தது.

எப்படி என்பது அந்தப் பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜே.வி.சி. நிறுவனங்கள் 1993இல் வகுத்த விசிடி தரத்தில் ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடப் படம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டுகளாவது வேண்டும். முதல் தட்டு பெரும்பாலும் இடைவேளையை ஒட்டி முடியும். எழுந்து போய்த் தட்டை மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் வீட்டுக்குள் விமர்சனம் நடந்துவிடும்: ஃபர்ஸ்ட் ஆஃப் பரவாயில்லை, இனிமேல் என்ன செய்யப்போகிறான் பார்ப்போம். 'செகண்ட் ஆஃப் சொதப்பல்' என்ற தீர்ப்பு தியேட்டரிலும் உண்டு. ஆனால் இரண்டாவது தட்டைப் போடாமலே கடையில் திருப்பிக் கொடுக்கும் வசதி தியேட்டரில் இல்லை. ரிமோட்டில் பாட்டைத் தள்ளலாம், சண்டையை மறுபடி ஓட்டலாம், காமெடி டிராக்கை மட்டும் தனியே பார்க்கலாம். கேசட்டிலும் ஓட்டலாம் என்றாலும் சுருள் தேயும், நேரம் பிடிக்கும், வாடகை டெக்காரர் முறைப்பார். சிடியில் ஒரு பொத்தான். காட்சி காட்சியாகப் படத்தைப் பிரித்துப் பேசும் பழக்கம் சினிமாப் பத்திரிகை படிக்காத வீடுகளுக்கும் வந்தது இதனால்தான்.

டிவிடி இன்னொரு கதவைத் திறந்தது. 1996இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த அதன் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளளவு. முறையாகப் பதிந்தால் ஒரு படம். அழுத்திச் சுருக்கிப் பதிந்தால் நான்கு, ஐந்து. பஸ் ஸ்டாண்டு ஓரக் கடைகளில் பாலிதீன் உறைக்குள் தொங்கிய 'ஒரே டிவிடியில் 5 படங்கள்' அப்படிப் பிறந்தவை. அந்த உறையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னதாக ஐந்து போஸ்டர்கள், மேலே ஒரு தலைப்பு: பேய்ப் படங்கள், சாமி படங்கள், ஜாக்கிசான் ஹிட்ஸ், வடிவேலு காமெடி, பாம்புப் படங்கள், பழைய கறுப்பு வெள்ளை. தியேட்டர் வியாபாரம் படத்தை நடிகர் பெயரால் விற்றது. ரிலீஸ் தேதியால் விற்றது. உறை தைத்தவர் படத்தை வகையால் பிரித்தார். ஐந்து பேய்ப் படங்களை ஒரே வாரத்தில் பார்த்த வீட்டில், எது உண்மையில் பயமுறுத்துகிறது, எது கதவைக் கிறீச்சிட வைத்து ஒப்பேற்றுகிறது என்ற ஒப்பீடு தானாக வரும். மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்திலிருந்து மந்திர தந்திரப் படமும் துப்பறியும் படமும் எடுத்துத் தள்ளிய காலத்திலிருந்தே தமிழில் வகைப் படங்கள் உண்டு. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்புதான் இல்லாமல் இருந்தது. பாட்டும் சண்டையும் இல்லாமல் எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்த 'அந்த நாள்' ஒரு பாம்புப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கக்கூடிய இடமாகச் சிடி கடை ஒன்றே இருந்தது.

இதற்கு ஆதாரம் கேட்டால், தீர்ப்புகள் மாறியதைத்தான் முதலில் காட்டுவேன். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது. 2010இல் வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' குழப்பமான படம் என்று ஓரம்கட்டப்பட்டது. 2011இல் வந்த 'ஆரண்ய காண்டம்' தேசிய விருது பெற்றும் வசூலில் எழவில்லை. ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி இவற்றின் பெட்டிகள் சிறிய ஊர்களைத் தொடாமலே குடோனுக்குப் போயிருக்க வேண்டும். மூன்றும் இன்று கொண்டாடப்படும் படங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி தியேட்டருக்கே வந்தது. 1964இல் வெளியான 'கர்ணன்', பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் விட்டுவிடாத படம், 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது 100 நாட்களைத் தாண்டி ஓடியது. முதல் வாரத்து வசூல் சொன்ன தீர்ப்பின் மீது மேல்முறையீடு நடந்திருக்கிறது; நடத்தியவர்கள் வீட்டில் உட்கார்ந்து மறுபடி மறுபடி பார்த்தவர்கள். சேட்டிலைட் டிவிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் டிவி போடும் நாளில்தான் பார்க்க முடியும். சிடியைத் தேடிப் போட்டுப் பார்க்கலாம். தேடிப் பார்ப்பதே ஒரு மதிப்பீடு.

முதல் மறுப்பு நியாயமானது: இதெல்லாம் திருட்டின் மேல் கட்டிய கோபுரம் அல்லவா? ஆம், பெருமளவுக்கு. புதுப்படம் வெளியான அன்றே கேமரா பிரிண்ட் கிடைத்தது என்றால் யாரோ ஒருவரின் முதலீடு பறிபோனது என்றுதான் அர்த்தம். சிறிய தயாரிப்பாளர்கள் அதில் நொடித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசும் தொழிலும் தேர்ந்தெடுத்த மருந்தைப் பாருங்கள். குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது; விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் முதலில் வருபவர் கள்ளச்சாராய வியாபாரி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை அறிந்த பிறகு, அந்த வியாபாரியையும் சிடி விற்றவரையும் ஒரே பட்டியலில் வைத்தது எவ்வளவு பொருந்தாத அளவுகோல் என்பது விளங்கும். மருந்து வேறிடத்தில் இருந்தது. 2007இல் மோசர் பேர் நிறுவனம் முறையாக உரிமை வாங்கிய படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றபோது மக்கள் வாங்கினார்கள். பழைய படங்களுக்கு முறையான வழி திறந்ததும் திருட்டுக்கு அங்கே இடம் சுருங்கியது. புதுப்படத்துக்கு அந்த வழியைத் திறக்க யாரும் துணியவில்லை.

தியேட்டர்கள் மூடியது சிடியால்தானே என்று கேட்கலாம். டூரிங் கொட்டகைகள் அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டன. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்து, கேபிள் தெருத் தெருவாக ஏறியபோதே மாலைக் காட்சிக்குப் பெண்கள் வருவது குறைந்தது. கொட்டகை நின்ற மனை கல்யாண மண்டபமாக மாறினால் அதிக வருமானம் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. சிடி அந்தச் சரிவை வேகப்படுத்தியது; தொடங்கி வைக்கவில்லை. தொழில் அழிந்துவிட்டதா என்றால், சிடியின் காலம் முடியும் தறுவாயில் 2014இல் தியேட்டருக்கு வந்த தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய 200. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005க்குப் பிறகு சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் கியூப் டிஜிட்டல் முறையைத் தியேட்டர்களில் பொருத்தியதும் பிரிண்ட் செலவு விழுந்தது. ஒரே நாளில் சென்னையிலும் கள்ளக்குறிச்சியிலும் படம் வெளியாவது வழக்கமாயிற்று. சிறிய ஊர்க்காரர் நூறு நாள் காத்திருக்கத் தயாரில்லை என்பதைத் தொழிலுக்குப் புரியவைத்தது எது? பக்கத்துக் கடையில் தொங்கிய சிடிதான்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. கேமரா பிரிண்டில் திரை கோணலாக இருக்கும், முன்வரிசைக்காரர் எழுந்து போவார், ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வரும். விசிடியின் படத் தெளிவே 352க்கு 288 புள்ளிகள்தான். இதைப் பார்த்து ஒருவர் ஒளிப்பதிவையும் ஒலியையும் எப்படி எடைபோட முடியும்? முடியாது. அந்தக் குறையை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் அந்தக் குறையைப் பார்த்தவர்கள் அறியாமல் இல்லை. 'பிரிண்ட் எப்படி?' என்பதுதான் சிடி கடையில் முதல் கேள்வி, 'படம் எப்படி?' இரண்டாவது. கேமரா பிரிண்ட், தியேட்டர் பிரிண்ட், மாஸ்டர் பிரிண்ட், ஒரிஜினல் என்று தரம் பிரித்துப் பேசத் தெரிந்த பார்வையாளர் கூட்டம் அதற்கு முன் தமிழில் இருந்ததில்லை. இது தியேட்டரில் பார்க்க வேண்டிய படம், இது சிடியில் போதும் என்ற பாகுபாடும் அப்போது உருவானதே. படத்துக்கும் அது தெரியும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த பார்வை அது. ஒட்டுப் போட்ட ஃபிலிமைப் பார்த்தவருக்கு அப்படி ஒப்பிட இரண்டாவது பிரதி எதுவும் இருந்ததில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் கனமானதாகக் கருதுகிறேன். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியல்ல, கையில் உள்ள காசு என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதிய சிறு நூலில் வாதிட்டார். அப்படியானால் சிடி அந்தக் கூரையைக் கலைத்து மக்களை மறுபடி ஊராகவும் காலனியாகவும் பிரித்து உட்காரவைத்ததல்லவா? ஓரளவு உண்மை. ஆனால் கொட்டகைக்கு முன்பும் பின்பும் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஊராட்சி டிவி ஊர்த் தெருவில் இருந்தபோது காலனிப் பிள்ளைகள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டம் 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அந்தப் பதினான்கு அங்குலத் திரைக்குக் கீழே ஒரு சீன பிளேயர் வந்து உட்கார்ந்ததும், படம் பார்க்க இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிய நிலை போயிற்று. பொதுக் கூரை போனது இழப்பு. அடுத்தவர் வாசல் போனது விடுதலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் எடைபோட வேண்டும், என் கணக்கில் இரண்டாவதுதான் கனம்.

மலையில் கரண்டே நிற்காதே, அங்கே எந்தச் சிடி என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2008 முதல் 2013 வரை சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதுமே மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்தது. மலையும் சமவெளியும் அந்த ஆண்டுகளில் ஒரே இருட்டில்தான் இருந்தன. படத்தைத் துண்டு துண்டாக, கரண்ட் வரும் நேரத்தில் பார்ப்பது எல்லா வீடுகளின் பழக்கமாயிற்று. பிற்பாடு ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. சார்ஜ் போட்ட செல்போன் போதும், டிவிகூட வேண்டாம். சிடி தொடங்கி வைத்த வேலையைக் கார்டு மலைக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டு சென்றது. என்.எஸ்.சி., சேலம் என்ற ஏரியா எல்லை வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் நடுவே அன்று பொருளிழந்தது.

இந்தக் காலத்தின் பெருமையை மிகைப்படுத்தவும் கூடாது. அதே டிவிடிதான் தமிழ்நாட்டுக்கு உலக சினிமாவைக் கொண்டுவந்தது. 2000களின் நடுவில் செழியன் ஆனந்த விகடனில் உலக சினிமாத் தொடர் எழுதியபோதும், முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் பிற அமைப்புகளும் சிறு நகரங்களில் திரையிடல் நடத்தியபோதும் கையில் இருந்தது டிவிடிதான். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' அப்படித்தான் எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. 2022இல் 'அக்கா குருவி' என்று முறையாகத் தமிழிலேயே எடுக்கப்பட்டது. உதவி இயக்குநர்களுக்கும் டிவிடிதான் பாடப்புத்தகம். 'கஜினி'க்குப் பின்னால் 'மெமென்டோ', 'யோகி'க்குப் பின்னால் 'சோட்சி', 'நந்தலாலா'வுக்குப் பின்னால் 'கிகுஜிரோ' என்று பார்வையாளரே கண்டுபிடித்துச் சொன்னார், ஏனென்றால் மூலமும் அதே கடையில் கிடைத்தது. ஆனால் இந்த மதிப்பீடுகளில் அச்சேறியவை எல்லாம் பெருநகரத்துக்காரர்களுடையவை. கச்சிராயபாளையத்துக்காரர் சொன்ன தீர்ப்பு கடை வாசலோடு நின்றது. நட்சத்திர மோகம் ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது: 2011இல் இதே பகுதியின் ரிஷிவந்தியம் தொகுதி நடிகர் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, 2016இல் உளுந்தூர்பேட்டை அவரை மூன்றாமிடத்தில் நிறுத்தியது. இரண்டுக்கும் அரசியல் காரணங்கள் ஏராளம், சிடியின் கணக்கில் எழுதத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய குறை, பார்க்கக் கற்ற ஊர் எடுக்கக் கற்கவில்லை என்பது. நைஜீரியாவில் 1992இல் 'லிவிங் இன் பாண்டேஜ்' நேராக வீடியோவில் விற்பனையாகி ஒரு திரைத் தொழிலையே பெற்றெடுத்தது. மகாராஷ்டிரத்தின் விசைத்தறி ஊரான மாலேகானில் உள்ளூர்க்காரர்கள் 'ஷோலே'யைத் தங்கள் ஊர்ப் பாஷையில் எடுத்துத் தாங்களே காட்டினார்கள். மணிப்பூரில் 2000இல் தீவிரவாதிகள் இந்திப் படங்களுக்குத் தடை போட்ட பிறகு டிஜிட்டல் கேமராவில் சொந்தப் படங்கள் பெருகின. கல்வராயன் மலையின் ஜாகீர் காலத்தை, வெளியூர்க் கூலியை, சாராய வழக்குகளை மலையாளி மக்களே எடுத்த படமாக நாம் பார்க்கவில்லை. சென்னைத் தொழில் பக்கத்திலேயே பலமாக இருந்ததும், கருவியும் கல்வியும் மலைக்குத் தாமதமாக வந்ததும் காரணங்கள். எடைபோடும் உரிமை கிடைத்தது. எடுத்துச் சொல்லும் வசதி கிடைக்கவில்லை.

சிடிக் காலம் முடிந்த விதம்கூட இதைத்தான் சொல்கிறது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். வழியாக வீட்டிலேயே முதலில் காட்டக் கமல்ஹாசன் முயன்றபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கினார். 2015இல் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டிய யோசனை. வந்தபோது பிளேயர்கள் பரணுக்கு ஏறத் தொடங்கியிருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018இல் மோசர் பேரைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இன்று ஓ.டி.டி.யில் எல்லாம் கிடைக்கிறது என்கிறோம். டவர் கிடைக்காத மலைக் கிராமம் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இந்த வரலாற்றுக்குப் பதிவேடு கிடையாது. இருப்பது உறைகள்தான்: எந்த ஐந்து படங்களை யார் எந்தத் தலைப்பில் சேர்த்தார்கள், கடைக்காரர் எதன்மேல் பேனாவால் 'நல்ல பிரிண்ட்' என்று எழுதினார், எந்தத் தட்டு கீறல் விழும்வரை ஓடியது. வீட்டில் பதிந்த சிடிகளின் சாயப் படலம் காலப்போக்கில் கெட்டுவிடும், உறைகளும் மக்கிக்கொண்டிருக்கின்றன. மாவட்டம் பிறந்து சில ஆண்டுகளே ஆன கள்ளக்குறிச்சியில் கல்லூரித் தமிழ்த் துறைகளும் நூலகமும் நினைத்தால், மாணவர்களை அனுப்பி இவற்றைத் திரட்டிப் பட்டியலிடப் பெரிய செலவாகாது. அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரணில் கிடக்கும் சிடிக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன், உறையில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் அந்தப் படம் எப்படி என்று உங்கள் தீர்ப்பையும் எழுதுங்கள்.